தமிழில் 'ஆன்டன்' போல ஒரு தடித்த ஒடுக்க எழுத்து இல்லையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். ஊரில் நடக்கப்போகும் ரத்ததான முகாமுக்கு 20க்கு 30 இன்ச் அளவில் போஸ்டர் தயார் செய்கிறீர்கள். மேலே ஆங்கில வரியை ஆன்டன் ஃபான்டில் போட்டதும் அது கெட்டியாக, உயரமாக, அகலம் முழுக்க நிறைந்து நின்றது. கீழே 'மாபெரும் ரத்ததான முகாம்' என்று தமிழில் போட்டால் அதே அகலத்துக்குள் அடங்கவில்லை. ஏதோ ஒரு தடித்த ஃபான்டை எடுத்துப் பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு நெருக்கிவிட்டீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஆன்டனுக்கு இணையான தமிழ் ஃபான்ட் எது என்று கேட்கிறீர்கள்.

பெயர் மட்டும் போதுமென்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அனேக் தமிழ், கண்டென்ஸ்டு (ஒடுங்கிய) அகலம், எக்ஸ்ட்ராபோல்டு (மிகத் தடித்த) எடை. ஆனால் அதை இறக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, 'ஆன்டன் அளவுக்கு இறுக்கம் வரவில்லையே' என்று நாளைக்குத் திரும்பவும் கேட்பீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: தமிழ் எழுத்து ஒரே நேரத்தில் தடிமனாகவும் ஒடுக்கமாகவும் இருக்க முடியுமா? ஓரளவுதான் முடியும். அந்த அளவைத் தீர்மானிப்பது எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளை. நான் எழுத்துரு வரைபவன் இல்லை. பத்திரிகைத் தலைப்பும் போஸ்டரும் அமைப்பது என் தொழில். ஆகவே இது எழுத்தைப் பயன்படுத்துகிறவன் சொல்லும் பதில். வரைகிறவர்கள் சில இடங்களில் மாறுபடலாம்.

முதலில் அந்த 60 சதவீதம். தடித்த ஃபான்டில் 'ப'வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்கள், கீழே ஒரு படுக்கைக் கோடு. கணக்குக்காக, கால் ஒவ்வொன்றும் 100 அலகு தடிமன், படுக்கைக் கோடு 90 அலகு, இரு கால்களுக்கும் நடுவே 150 அலகு வெள்ளை என்று வைப்போம். படுக்கைக் கோட்டைக் கொஞ்சம் குறைத்து வரைவதற்குக் காரணம் உண்டு. ஒரே தடிமனில் வரைந்தால் நம் கண்ணுக்குப் படுக்கைக் கோடுதான் தடித்துத் தெரியும். இப்போது பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு நெருக்குங்கள். கால்கள் 60 ஆகிவிடும். படுக்கைக் கோடு 90-லேயே நிற்கும். எழுத்தைத் தாங்க வேண்டிய கால் மெலிந்து, அடிக்கோடு ஒன்றரை மடங்கு கனத்துவிடுகிறது. உங்களுக்குச் 'சகிக்கவில்லை' என்று பட்டது இதுதான். வட்டமான சுழிகளில் இது இன்னும் மோசம். 'ன', 'ள' இரண்டிலும் சுழி முட்டை வடிவமாகி, மேலும் கீழும் தடித்து, பக்கங்களில் இளைத்துவிடும்.

அடுத்து எல்லோரும் செய்யும் வேலை, மெலிந்துபோன காலைச் சரிசெய்ய அதே நிறத்தில் அவுட்லைன் கொடுப்பது. ஒவ்வொரு பக்கமும் 20 அலகு கொடுத்தால் கால் 60-லிருந்து 100 ஆகிவிடும், சரி. ஆனால் படுக்கைக் கோடும் 90-லிருந்து 130 ஆகிறது. நெருக்கியதில் 90 ஆகச் சுருங்கிய நடு வெள்ளை, இப்போது 50-க்கு வந்துவிட்டது. முதலில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. 'ப'வாக இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளும். 'ண'வின் சுழிக்குள் ஆரம்பத்திலேயே 60 அலகுதான் வெள்ளை இருந்தது என்றால், நெருக்கியதும் 36, அவுட்லைன் கொடுத்ததும் மொத்தமாக அடைத்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனர்களில் 'அண்ணன்' என்ற சொல் சில சமயம் வெறும் கறுப்புக் கட்டிகளாகத் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால், அங்கே யாரும் நெருக்கவில்லை. ஒவ்வொரு அகலத்துக்கும் தனியாக வரைந்தார்கள். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து குடைய ஒரு ரூட்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு போஸ்டருக்கான பெரிய மர எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மாறும். எனவே அச்சகங்கள் ஒரே எழுத்தை அகலமானது, நடுத்தரமானது, ஒடுங்கியது என்று பல அகலங்களில் வாங்கி வைத்து, ஒவ்வொரு வரியையும் தாளின் இரு ஓரங்களையும் தொடும்படி கோத்தன. 1903-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்நேட் கோதிக்கும் மூன்று அகலங்களில் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த இம்பேக்ட் இன்னும் பிந்தியது. ஜெஃப்ரி லீ வரைந்தார். 1965-ல் ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. கொடுத்த அளவுக்குள் எவ்வளவு மையைத் தாளில் ஏற்றலாம் என்பதுதான் அதன் நோக்கம். சிறிய எழுத்துகளும் கிட்டத்தட்டப் பெரிய எழுத்தின் உயரத்துக்கே நிற்கும். பிற்பாடு விண்டோஸோடு சேர்ந்து வந்ததால் மீம்களின் எழுத்தாகவே ஆகிவிட்டது. உங்கள் ஆன்டன் இந்தப் பரம்பரையில் வந்தது. பழைய விளம்பர எழுத்துகளை வைத்து வெர்னான் ஆடம்ஸ் திரைக்காக மறுபடி வரைந்தது.

இந்த எழுத்துகளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரு வசதி செய்துகொடுக்கின்றன. எல்லாம் ஒரே உயரம். கோட்டுக்குக் கீழே இறங்குவது அநேகமாக எதுவுமில்லை, மேலே ஏறுவது எதுவுமில்லை. பெரும்பாலானவை செங்குத்துக் கால்களால் ஆனவை. 'எச்' என்ற எழுத்தின் நடுவாக்கில், குறுக்குக் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு நூல் பிடித்தால் அது இரண்டு கால்களை மட்டும் வெட்டும். அந்த இரண்டு கால்களை எவ்வளவு தடிக்க வைத்தாலும் நடுவில் ஒரு கீற்று வெள்ளை போதும், எழுத்து புரிந்துவிடும். பெபாஸ் நியூ என்ற ஃபான்டில் சிறிய எழுத்துகளே கிடையாது. அதைக் குறையாக யாரும் நினைப்பதில்லை.

நம் 'ண'வில் அதே நூலைப் பிடித்தால் குறைந்தது நான்கு இடத்திலாவது கோட்டை வெட்டும். அதாவது ஒரு எழுத்தின் அகலத்துக்குள் நான்கு தடிமனும், இடையே மூன்று வெள்ளையும் வேண்டும். தடிமனைக் கூட்டினால் வெள்ளை போகிறது. வெள்ளையைக் காப்பாற்றினால் அகலம் கூடுகிறது. இரண்டையும் பிடித்துவைத்தால் தடிமன் போகிறது. இதில் ஃபான்ட் வரைகிறவரின் திறமை ஓரளவுக்குத்தான் உதவும். மீதி, எழுத்தின் அமைப்பிலேயே இருக்கும் நெருக்கடி.

அடைப்பது ஒரு பிரச்சினை என்றால், குழம்புவது இன்னொன்று. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் இருக்கும் அந்தச் சின்னச் சாய்கோடு மட்டுமே. ஒடுக்க எழுத்தில் இடம் போதாமல் அது குறுகிவிடும். போஸ்டர்காரர் அடிப்பக்கத்தை ஒரு பட்டையால் மறைத்துவிட்டால் 'ரத்த' என்பது 'ாத்த' ஆகிவிடும். 'மு'வுக்கும் 'மூ'வுக்கும், 'ரு'வுக்கும் 'ரூ'வுக்கும் இடையில் ஒரு சுழிப்புதான் வித்தியாசம். தடிமன் ஏற ஏற முதலில் அடைபடுவது அதுவே. புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற கோடுகளின் தடிமனுக்கேற்பப் புள்ளியும் பெரிதாக வேண்டும். பெரிதானால் எழுத்தின் தலையில் இடிக்கும். இடிக்காமல் மேலே தூக்கினால் வரியின் உயரம் கூடும். கவனமாக வரைந்த ஃபான்டா என்று சட்டென்று பார்க்க, நான் முதலில் 'ம்', 'க்' இரண்டையும் அடித்துப் பார்ப்பேன்.

தமிழுக்குத்தான் ஒடுக்க எழுத்து அதிகம் தேவை என்பது இதில் இருக்கும் கொடுமை. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்று ஆறு எழுத்தில் முடிவதை நாம் 'வேலைநிறுத்தம்' என்று எழுதுகிறோம். எண்ணினால் ஏழு எழுத்து என்றாலும், கொம்பும் சேர்த்து ஒன்பது வடிவங்கள் அகலத்தில் பங்கு கேட்கின்றன. 1978-ல் தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தமும் இதில் கொஞ்சம் கை வைத்தது. ணா, றா, னா மூன்றும் முன்பு கால் இல்லாமல் ஒரே வடிவமாகச் சுழித்து எழுதப்பட்டவை. ணை, லை, ளை, னை நான்கும் தலையில் தும்பிக்கையோடு இருந்தவை. அச்சுக் கோப்பதற்கும் தட்டச்சுக்கும் சீர்திருத்தம் பெரிய வசதி, அதில் சந்தேகமே இல்லை. தலைப்பின் அகலத்துக்கு மட்டும் அது பாதகம் என்பது என் கருத்து. இதை யாரும் அளந்து பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்திரிகைகள் இந்தச் சிக்கலை ஃபான்டை வைத்து மட்டும் தீர்க்கவில்லை, சொல்லை வைத்தும் தீர்த்தன. பேப்பர் கடைகளில் தொங்கும் வால்போஸ்டரைப் பாருங்கள்: பலி, கைது, தடை, மோதல், ரெய்டு. 'உயிரிழப்பு' என்று யாரும் அங்கே எழுதுவதில்லை. இரண்டு மூன்று எழுத்துச் சொல் என்றால் ஃபான்டை நெருக்கவே வேண்டாம், இருக்கிற அகலத்தில் எவ்வளவு பெரிதாகவும் போடலாம். தலைப்பு அடங்காதபோது பக்கம் அமைப்பவர் உதவி ஆசிரியரிடம் போய் 'வேற வார்த்தை இருக்கா?' என்று கேட்பது இந்தத் தொழிலில் தினசரி நடப்பது. உங்கள் போஸ்டருக்கும் அதுதான் முதல் வைத்தியம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இனி ஃபான்ட். மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடிவமைத்த அனேக் குடும்பம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். அதன் தமிழில் எடை, அதாவது கோட்டின் தடிமன், 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை (100 என்பது இயல்பான அகலம்) நகர்த்திக்கொள்ளலாம். இங்கே 75 என்பது நெருக்கியது அல்ல, அந்த அகலத்துக்கென்றே வரைந்தது. அகலத்தைக் குறைத்தாலும் கால்களின் தடிமன் படுக்கைக் கோட்டோடு இணக்கமாகவே நிற்பதை 'ப'வை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, நோட்டோ சான்ஸ் தமிழ். எடை 900 வரை போகும், அகலம் 62.5 வரை இறங்கும். காகிதக் கணக்கில் இதுதான் ஆன்டனுக்கு இன்னும் அருகில். ஆனால் இரண்டு எல்லைகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால், அதாவது மிகக் கனமும் மிக ஒடுக்கமும், 'ண', 'ணை', 'ஞ' மூன்றும் திணறுவதாக என் கண்ணுக்குத் தெரிகிறது. 62.5 அகலம் வேண்டுமென்றால் எடையை 700-க்கு மேல் ஏற்றாதீர்கள். போஸ்டருக்கு நான் அனேக்கைத்தான் எடுப்பேன். நோட்டோ திரையில் படிப்பதற்கான எழுத்து. பெரிதாகப் போட்டால் சற்று வறட்சியாக இருக்கும். பாலு தம்பி, முக்த மலர், கேட்டமரன் எல்லாம் நல்ல தடித்த எடைகள் உள்ளவை, ஆனால் அவற்றுக்கு ஒடுக்க அகலம் கிடையாது. நெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 90 சதவீதம் வரை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 85-க்குக் கீழே போனால் தெரிந்துவிடும். இந்த எண்கள் கைப்பழக்கத்தில் வந்தவை, விதி அல்ல.

டிடிபி கடைகளில் சுற்றும் யூனிகோடு அல்லாத பழைய தொகுப்புகளில் 'கண்டென்ஸ்டு' என்ற பெயரோடு நிறைய ஃபான்ட்கள் இருக்கின்றன. அவற்றில் பல, அகலமான ஃபான்டை நெருக்கி வேறு பெயரில் சேமித்தவை என்பது என் சந்தேகம். எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன், சில உண்மையாகவே நன்றாக இருக்கின்றன. கண்டுபிடிப்பது சுலபம். 'ப'வைப் பெரிதாகப் போட்டு, காலையும் அடிக்கோட்டையும் ஒப்பிடுங்கள். அடிக்கோடு காலைவிடக் கனமாக இருந்தால் நெருக்கியது. உரிமமும் அந்தத் தொகுப்புகளில் தெளிவாக இருக்காது, அதையும் மனதில் வையுங்கள்.

மென்பொருளிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தடித்த எடை இல்லாத ஃபான்டில் போல்டு பட்டனை அழுத்தினால் சில நிரல்கள் தாங்களே எல்லாப் பக்கமும் கனத்தைக் கூட்டிப் போலியாக ஒரு போல்டு தயாரிக்கும். மேலே சொன்ன அவுட்லைன் கதைதான் அது. பட்டனைத் தொடாமல் ஃபான்ட் பட்டியலிலிருந்து எக்ஸ்ட்ராபோல்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் ஃபான்டைத் திட்டாதீர்கள். அமைப்புகளில் வேர்ல்ட் ரெடி அல்லது தெற்காசிய எழுத்து என்று இருப்பதை இயக்க வேண்டும். எழுத்து இடைவெளியை மைனஸில் போட்டு இறுக்குவதும் ஆபத்து. 'பெ'வில் கொம்பு 'ப'வோடு ஒட்டிக்கொண்டால் வேறு ஏதோ எழுத்து போல ஆகிவிடும்.

ஆன்டனில் இரண்டு வரியை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அடுக்கலாம், தமிழில் முடியாது என்பார்கள். அது பாதிதான் உண்மை. மேல் வரியில் கீழே இறங்கும் வால் எங்கே இருக்கிறது, கீழ் வரியில் மேல்விலங்கும் ('கி', 'கீ' தலையில் வரும் வளைவு) புள்ளியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வரியை உடைத்தால் நெருக்கமாக அடுக்கலாம். உங்கள் தலைப்பையே எடுப்போம். 'மாபெரும்' என்பதைச் சிறிதாக்கி ஓரத்தில் ஏற்றிவிடுங்கள். முகாம் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சொல் முக்கியம், தெருவில் போகிறவருக்கு அல்ல. மீதி 'ரத்ததான' ஒரு வரி, 'முகாம்' ஒரு வரி, இரண்டும் ஒரே அகலம். 'முகாம்' தானாகவே பெரிதாகிவிடும். கீழ் வரியில் மேலே துருத்துவது கடைசி 'ம்' மேல் இருக்கும் புள்ளி ஒன்றுதான். அதற்கு நேர் மேலே வருவது 'ரத்ததான'வின் 'ன'. அதற்கு வால் கிடையாது. வால் உள்ள 'ர', 'த' இரண்டும் இடப்பக்கம் 'மு', 'கா' மேல் வருகின்றன. அவற்றின் தலையில் ஒன்றுமில்லை. ஆக வரி இடைவெளியைத் தயங்காமல் குறைக்கலாம். எங்காவது நூலளவு இடித்தால் எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் வரைகோடாக மாற்றி, வாலை லேசாகக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள். சினிமா டைட்டில் எழுதும் கைகள் இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகின்றன.

ஆங்கில வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆன்டனை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குத் தமிழைப் பொருத்தப் பார்த்ததுதான் உங்களை இந்தச் சந்தில் கொண்டுவந்து விட்டது. படிக்கப்போவது தமிழ் வரியை. எனவே அதை முதலில் அமைத்துவிட்டு, அதே குடும்பத்தின் அனேக் லத்தீனை அதே அகலத்திலும் எடையிலும் போடுங்கள். ஆன்டன்தான் வேண்டும் என்றால், பாயிண்ட் எண்ணைச் சமமாக வைக்காதீர்கள். 'ப'வின் உயரமும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரமும் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் வரை ஆங்கிலத்தைக் குறைத்துவிட்டு, நிறத்தை ஒரு சாயல் இளக்குங்கள். ஒரே கறுப்பில் இரண்டும் நின்றால் ஆன்டன் பக்கத்தில் எந்தத் தமிழ் எழுத்தும் மெலிந்துதான் தெரியும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்முன் ஒரு ஏ4 தாளில் சிறிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். நீங்கள் சொன்ன 20க்கு 30 இன்ச் டபுள் கிரவுன் போஸ்டரைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். 'த'வின் உள்வெள்ளையோ 'மு'வின் அடியோ அடைத்தது போலத் தோன்றினால் அகலத்தைத் தொடாமல் எடையை 800-லிருந்து 700-க்கு இறக்குங்கள். ஃபைலைக் கர்வ் ஆக்கி அனுப்பும்போது, எழுத்தாகவே இருக்கும் பிரதி ஒன்றையும் தனியாகச் சேமித்துவையுங்கள். முகாம் தேதி கடைசி நேரத்தில் மாறும், அப்போது தேவைப்படும்.